முதற்பிரதி இல்லாத வெளியீட்டு விழா

ஷாஃப்ஹவுசன்,
ஞாயிற்றுக்கிழமை

பேரன்பும் பெருமதிப்பும் உள்ள அத்தானுக்கு,

மைத்துனன் தவராஜா எழுதுவது. இங்கு அனைவரும் நலம் என்று தொடங்குவது முறை. முறைக்காகத் தொடங்கிவிட்டேன், அதில் ஒரு சொல்லும் உண்மையில்லை. லோசானிலிருந்து விழாவுக்கு வரவிடாமல் உங்களைப் பிடித்து வைத்த அந்த முழங்கால் வலிக்குப் புண்ணியம் கிடைக்கட்டும்.

லைப்சிக்கில் இருக்கும் என் மகள் தக்ஷிகா, ஜெர்மன்காரர் மூவரோடு எலெக்ட்ரோ பங்க் என்னும் கத்தல் இசைக்குழு ஒன்றில் பாடுகிறாள் அல்லவா? "அப்பா, எங்கட ஈ.பி. வருது, அஞ்சு பாட்டு" என்று ஃபோனில் சொன்னாள். பிள்ளை இசைத்தட்டு வெளியிட்டால் தகப்பன் என்ன செய்வான்? மண்டபம் எடுத்தேன், மங்கள விளக்கு, வரவேற்புரை, ஆய்வுரை, முதற்பிரதி, நூற்றைம்பது பேருக்கு ரோல்ஸும் வடையும் என்று எல்லாம் ஒழுங்கு செய்தேன், அவளும் எனக்காக அந்த மூவரையும் கூட்டிக்கொண்டு ரயிலில் வந்து இறங்கினாள், இறங்கிய பிறகுதான் தட்டே கிடையாது, பாட்டெல்லாம் ஃபோனுக்குள் என்கிறாள். கையில் கொடுக்க ஏதாவது வேண்டாமா? வெறும் சி.டி. பெட்டி ஒன்றை மினுங்கல் தாளில் சுற்றி, நாடா கட்டித் தாம்பாளத்தில் வைத்தேன். இராஜசிங்கம் மாஸ்டர் அதை வாங்கி, படத்துக்கு நின்று, மேடையிலேயே பிரித்துப் பார்த்துவிட்டார். உள்ளே ஒன்றுமில்லை. மனிதர் அசரவில்லை, கேட்காத பாட்டுகளைப் பற்றி நாற்பது நிமிடம் ஆய்வுரை ஆற்றினார்.

பிறகு ஒரு பாட்டைப் போட்டார்கள். அரை நிமிடம் போகவில்லை, "அண்ணை, ஸ்பீக்கர் வெடிக்கப் போகுது!" என்று ஒலிபெருக்கிக்காரன் கஜீவன் வயரைப் பிடுங்கிவிட்டான்.

தக்ஷிகா மைக்கை எடுத்தாள். "ஸ்பீக்கருக்கு ஒண்டுமில்லை. பாட்டே அப்பிடித்தான். அப்பா, நீங்கள் ஒண்டையாவது கேட்டனீங்களோ?"

"ஓம் பிள்ளை, எல்லாம் கேட்டனான். நல்ல இனிமை."

மண்டபமே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. ஒரு வடையைக்கூடத் தொடாமல் அடுத்த ரயிலில் போய்விட்டாள். மூன்று கிழமையாக என் அழைப்பை எடுப்பதில்லை. "உங்கட மானத்துக்குத்தானே விழா வைச்சனீங்கள்" என்று சொன்ன தாய்க்காரி ஜெயமலரும் அதற்குப் பிறகு என்னோடு கதைப்பதில்லை. நானும் என் மானமும் சமையலறையில் தனியே இருந்து சாப்பிடுகிறோம். மனம் விட்டுப்போயிற்று அத்தான்.

ஆகவே, மூத்தவர் என்ற முறையில் நீங்கள் அவளுக்கு ஃபோன் எடுத்து, இந்தக் கத்தலை விட்டுவிட்டு வீட்டுக்கு வரும்படி கண்டித்துச் சொல்லவேண்டும். உங்கள் சொல்லைத் தட்டமாட்டாள்.

அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. கந்தப்பெருமான் உங்களையாவது கவனிக்கட்டும்.

இப்படிக்கு,
தவராஜா

பி.கு.: கடித உறையை ஒட்டுமுன், ஒன்றையாவது கேட்டுவிடுவோம் என்று போட்டேன். மூன்றாவது பாட்டு முழுவதும் கேள்விகள். பெயர் என்ன, எந்த வழியால் வந்தாய், யார் கூட்டிவந்தது, ஏன் திரும்பிப் போகமுடியாது? தொண்ணூற்றொன்றில் இங்கு தஞ்சம் கேட்டபோது என்னை விசாரித்த அதிகாரிகள் கேட்ட அதே கேள்விகள். அவள் சின்னவளாக இருக்கும்போது ஒரேயொருமுறை சொல்லியிருக்கிறேன். அன்று நான் தலையைக் குனிந்துகொண்டு மெல்லப் பதில் சொன்னவன். இவள் அதே கேள்விகளை அவர்களைப் பார்த்துத் திருப்பிக் கத்துகிறாள். ஆறு தரம் கேட்டேன், அழுதும்விட்டேன். மேலே எழுதிய ஒன்றையும் அவளிடம் சொல்லவேண்டாம். அப்பா கேட்டுவிட்டார் என்று மட்டும் சொல்லுங்கள். நான் சொன்னால் இனி நம்பமாட்டாள்.