கிழக்குப் பாதிக் கரும்பு

மதிப்பிற்குரிய மாப்பிள்ளைக்கு, மச்சான் எழுதிக்கொள்வது. இங்கு உங்கள் கரும்பைத் தவிர எல்லோரும் நலம். நீங்களும் என் தங்கையும் சௌக்கியமாகத்தான் இருப்பீர்கள். ஆராய்ச்சிப் பண்ணையில் விசிறிக்கு அடியில் உட்கார்ந்து ரகம் கண்டுபிடிக்கிறவர்களுக்கு என்ன குறை?

போன வருடம் வேன் நிறைய விதைக் கரும்புக் கரணைகளை ஏற்றி வந்து, "மச்சான், இது புது ரகம். உங்க பழைய ரகம்தான் இதுக்குத் தாய். ஆனா விளைச்சல்ல தாயைத் தூக்கிச் சாப்பிட்டுடும்" என்றீர்கள். தங்கை முகத்துக்காகத் தலையாட்டினேன். தோட்டத்தில் மேற்குப் பாதி எங்கள் ரகம், கிழக்குப் பாதி உங்கள் ரகம் என்று பேச்சு. நடவு அன்று எனக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டதால் என் பையன்தான் ஆட்களோடு கூட நின்று நட்டான். எது எந்த ரகம் என்று இரண்டு பலகையும் அவனே எழுதி வைத்தான். முளைத்தபோது இரண்டும் ஒரே நிறம், ஒரே இலை. தாயும் பிள்ளையும்தானே, சாயல் இருக்கத்தான் செய்யும் என்று விட்டுவிட்டேன். நாள் போகப் போக மேற்கே எங்கள் ரகம் ஒரு ஆள்மேல் இன்னொரு ஆள் நின்ற உயரத்துக்கு வளர்ந்தது. கிழக்கே உங்கள் ரகம் என் சுண்டுவிரல் பருமன். தூர் கட்டவில்லை, கணு கணுவாய்க் குறுகி நின்றது, கடித்தால் வெறும் சக்கை.

ஒரே மண், ஒரே வாய்க்கால், ஒரே உரம். ஓரவஞ்சனை பார்க்கிற ஆள் நான் இல்லை. மோட்டார் போட்டால் முதலில் மேற்கே பாயும். அது நிறைந்த பிறகு மின்சாரம் இருந்தால் கிழக்கேயும் திருப்பிவிடுவேன், மின்சாரம் இல்லாமல் போனால் அது என் தப்பா? உரமும் அப்படித்தான், மேற்கே போட்டது போக மூட்டையை உதறிய மிச்சத்தைக் கிழக்கே போட்டேன். களை எடுக்க வந்த பெண்கள் அந்தப் பக்கம் போகும் முன் அவர்கள் வீடு திரும்பும் நேரம் வந்துவிடும். நல்ல ரகமென்றால் இதையெல்லாம் தாங்க வேண்டாமா?

இதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். வெட்டு அன்று வந்தீர்கள். இரண்டு பக்கமும் ஒவ்வொரு கரும்பை ஒடித்துப் பார்த்தீர்கள், பிறகு என் பையனை ஒரு மாதிரி பார்த்தீர்கள். அப்புறம் வெட்டு ஆட்கள் அத்தனை பேர் முன்னாலும், "ரகத்துல குறை இல்ல மச்சான், வளர்ப்புலதான் குறை" என்றீர்கள். ஆட்கள் சிரித்தார்கள். பையன் மட்டும் சிரிக்கவில்லை, தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றான். அப்பனுக்காக அவமானப்பட்ட அந்தப் பிள்ளையைத்தான் உங்கள் பண்ணை வேலைக்கு வரச் சொல்லிக் கடிதம் அனுப்பியிருக்கிறீர்கள். திங்கட்கிழமை சேர வேண்டுமாம். சேர மாட்டான். நீங்கள் பெருமையடித்துக்கொள்கிற ரகத்துக்குத் தண்ணீர் சுமக்கவா நான் அவனை வளர்த்தேன்? அவன் என்னோடுதான் இருப்பான். கிழக்குப் பாதியின் கட்டைகளை அடியோடு தோண்டி எரித்து, உழுதும் விட்டேன். உங்கள் ரகத்தில் ஒரு கணுகூட இனி என் மண்ணில் இல்லை.

தங்கைக்கு என் ஆசிகள். உங்களுக்கும் ஆசிதான், வயதில் இளையவராகப் போய்விட்டீர்கள், வேறு என்ன செய்வது?

இப்படிக்கு,
மச்சான்

பின்குறிப்பு: நேற்று இதை எழுதி முடித்து, காரம் போதுமா என்று பார்க்கப் பையனுக்கு வாசித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு, "கரணைய இடம் மாத்தி நட்டுட்டு, பலகைய மட்டும் பேச்சுப்படி வச்சது நான்தாம்ப்பா" என்றான். மேற்கே வளர்ந்தது உங்கள் ரகம். நான் தோண்டி எரித்தது முப்பது வருடமாக நான் வைத்திருந்த என் ரகம். ஒடித்துப் பார்த்த அன்றே உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. ஏண்டா இப்படிச் செய்தாய் என்று கேட்டேன். "மாமா ரகம்னு தெரிஞ்சா நீங்க தண்ணி விட மாட்டீங்க. உங்களோடதுன்னு நினைச்சாத்தான் வளர விடுவீங்க" என்றான். காலையில் பார்த்தேன், அவன் துணிப்பையைக் காணோம். இந்தக் கடிதத்துக்கு முன்பே உங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றிருப்பான். சேர்த்துக்கொள்ளுங்கள். அவன் நல்ல ரகம்தான், மாப்பிள்ளை. குறை எங்கே என்று அன்றைக்கே ஆட்கள் முன்னால் சொல்லிவிட்டீர்கள்.