வாலுக்கு எடுத்த ஆரத்தி

என் கல்யாணத்துக்கு நான் பின்பக்கமாக வந்து சேர்ந்தேன். இதை மறைக்கத்தான் ஆசை. ஆனால் வீடியோ இருக்கிறது.

முதுகுவலிக்கு வைத்தியம் தெரியாத மனிதர் உலகத்தில் ஒருவரும் கிடையாது. டவுன் பஸ்ஸில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் நின்று பாருங்கள். இறங்குவதற்குள் ஒரு தைலம், ஒரு கஷாயம், ஒரு வில்லியனூர் டாக்டர் எல்லாம் இலவசமாகக் கிடைத்துவிடும். அந்த நிபுணர் கூட்டத்தில் நானும் ஒருவனாக இருந்தேன். என்ன, என்னிடம் மாட்டியது ஒரு குதிரை.

செலியமேட்டில் என் சித்தப்பா ஏழுமலை நெல் பயிரிட்டதோடு ஒரு வெள்ளைக் குதிரையும் வைத்திருந்தார். பெயர் துரை. பாகூர்ப் பக்கம் மாப்பிள்ளை அழைப்பு என்றால் துரைக்குத்தான் அழைப்பு. மாப்பிள்ளை மட்டும் ஏறினால் பரவாயில்லை. மடியில் அக்கா மகன், பின்னால் போட்டோவுக்காகத் தங்கச்சி மகன் என்று ஒரு ரேஷன் கார்டே ஏறி உட்காரும். போதாததற்கு சேணம் பழசு, அதன் கட்டை நடுமுதுகில் அழுத்திக்கொண்டே இருந்திருக்கிறது. ஒருநாள் சேணத்தைக் கண்டதும் துரை காதை மடக்கிக்கொண்டு கடிக்க வந்தது. சித்தப்பா அதைத் திமிர் என்றார். கால்நடை டாக்டரம்மா முதுகெலும்போரம் விரலால் அழுத்திப் பார்த்து, வலி என்றார்.

சேணத்தை மாற்றச் சொன்னார். சில மாதம் முழு ஓய்வு. அதற்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வேலைக்குக் கொண்டு வர வேண்டும்.

"மொதல்ல கயிறு பிடிச்சு வெறும் நடை. தினமும் ஏரிக்கரையில கூட்டிப் போங்க. அப்புறம் தரையில மூங்கில் போட்டுத் தாண்ட வைங்க. கடைசியா ரெண்டு மூணு அடி பின்னால நடக்க வைங்க, முதுகுத் தசைக்கு நல்லது. ரெண்டு மூணு அடிதான், புரியுதா?"

"புரியுது மேடம்" என்றேன். (புரியவில்லை என்பது ஊருக்கே தெரிய இன்னும் கொஞ்ச நாள் இருந்தது.)

இந்தப் பொறுப்பை நான் கருணையால் ஏற்கவில்லை. மண்ணாடிப்பட்டுப் பக்கம் எனக்குப் பெண் நிச்சயமாகியிருந்தது, பெயர் நித்யா. துரை மேல் ஏறி ராஜா மாதிரி மண்டபத்தில் இறங்க வேண்டும் என்று நான் முடிவு செய்திருந்தேன். கம்பெனி ஷிப்ட் முடிந்ததும் நேரே சித்தப்பா வீட்டுக்கு ஓடுவேன்.

ஏரிக்கரை நடையில் ஒரு குறை இருந்தது. குதிரையோடு நானும் நடக்க வேண்டும். மூங்கிலைத் தாண்ட வைப்பதென்றால் யாராவது மூங்கிலைத் தூக்கிப் போட வேண்டும். பின்னால் நடக்க வைப்பதுதான் என் உடம்புக்கு ஒத்து வந்தது. முற்றத்தில் அதன் எதிரே நின்று, ஒரு கையில் செல்லைப் பிடித்து வீடியோ எடுத்துக்கொண்டே மற்ற கையைத் தூக்கிக் காட்டினால் போதும். துரை பின்னால் போகும். வெல்லக்கட்டி ஒன்று கொடுப்பேன். மறுபடி கை, மறுபடி வெல்லம். அதை 'ரிவர்ஸ் கியர் குதிரை' என்று ரீல்ஸ் போட்டேன். கமெண்டில் புகழ்ந்தவர்கள் எல்லாம் என் சொந்தக்காரர்கள். எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

கொஞ்ச நாளில் செல்லை முகத்துக்கு நேரே தூக்கினாலே துரை தானாகப் பின்னால் போக ஆரம்பித்தது. அதன் அறிவை நினைத்து நான் பூரித்துப் போனேன். என் அறிவைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

கல்யாணத்துக்கு முன் டாக்டரம்மா வந்து பார்த்து, முதுகு நன்றாகத் தேறிவிட்டது என்றார். ஒருவர் மட்டும் ஏறலாம், கொஞ்ச தூரம். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இவர்னா பரவாயில்ல" என்றார். என் ஒல்லி உடம்பு ஒரு தகுதியாகக் கருதப்பட்டது வாழ்க்கையில் அந்த ஒரு முறைதான். ஒரு நிபந்தனையும் போட்டார்: ஏறுவதும் இறங்குவதும் மேடை மேலிருந்துதான். தொங்கி ஏறினாலும் குதித்து இறங்கினாலும் சேணம் ஒரு பக்கமாக இழுத்து, பழைய வலி திரும்பிவிடும்.

இதற்கு நடுவே என் மாமனார் தினமும் போன் செய்துகொண்டிருந்தார்.

"மாப்ள, வந்துடுவீங்க இல்ல?"

நித்யாவுக்கு முன்பு நிச்சயமான மாப்பிள்ளை, பத்திரிகை அடித்த பிறகு வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனவன். அதிலிருந்து அந்த மனிதருக்குத் தூக்கமே போய்விட்டது. எனக்கோ அந்த போன் தமாஷாக இருந்தது. "குதிரையிலயே வர்றேன் மாமா" என்பேன்.

அழைப்பன்று சாயங்காலம் தெருமுனைப் பிள்ளையார் கோயில் படியிலிருந்து துரை மேல் ஏறினேன். ஷெர்வானி, தலைப்பாகை, கழுத்தில் ரோஜா மாலை. நேர்த் தெரு. அந்தக் கோடியில் சீரியல் செட் மினுக்க மண்டபம். வாசலில் நான் இறங்குவதற்கென்று ஒரு பெஞ்சு. அதன் பக்கத்தில் மாமனார் கை கூப்பிக்கொண்டு நின்றார். டிரம்ஸ் செட் ஆரம்பித்தது. துரை கம்பீரமாக நடந்தது.

அப்போது வீடியோக்காரர் கேமராவைத் தூக்கிக்கொண்டு எதிரே வந்து, "சார், ஒரு நிமிசம்" என்று கையைக் காட்டினார்.

துரை பின்னால் நடக்க ஆரம்பித்தது.

நான் தள்ளிப் போகிறேனே என்று அவர் கிட்டே வந்தார். துரை இன்னும் உற்சாகமாகப் பின்னால் போனது. இதைப் பார்த்த சொந்தக்காரர்கள் இந்த அதிசயத்தைப் பதிவு செய்ய ஆளுக்கொரு செல்லைத் தூக்கினார்கள். துரையின் கண்ணில் தெரு முழுக்க வெல்லம்.

"செல்ல உள்ள வைங்கடா!" என்று சித்தப்பா கத்தினார். கத்துகிற சித்தப்பாவைப் படம் எடுக்க இன்னும் நாலு பேர் செல்லை எடுத்தார்கள். அவர் கடிவாளத்தைப் பிடித்து இழுத்தார். துரை அவரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு பின்னால் போனது. வைத்தியம் பலித்துவிட்டது, அதில் சந்தேகமே இல்லை.

"நான் குதிச்சிடறேன் சித்தப்பா!"

"எறங்குன, கால ஒடிச்சிடுவேன்! தொர முதுகு இன்னாத்துக்கு ஆவறது? பெஞ்சு அங்க கீது!"

பெஞ்சு அங்கே இருந்தது. நான் இங்கே போய்க்கொண்டிருந்தேன். ஏறிய பிள்ளையார் கோயிலையும் தாண்டியாயிற்று. ஷெர்வானிப் பையில் போன் அடித்தது. மாமனார்.

"மாப்ள, எங்க போறீங்க?"

"வந்துகினுதான் இருக்கேன் மாமா."

"நீங்க சின்னதாயிக்கினே போறீங்களே மாப்ள."

எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த வார்த்தையில் அது நின்றுவிட்டது.

"எதுனா கொற இருந்தா சொல்லிடுங்க மாப்ள. நான் செஞ்சிடறேன். திரும்பிப் போயிடாதீங்க. எம்பொண்ணு இன்னொரு வாட்டி தாங்காது."

அழுதுகொண்டிருந்தார். இத்தனை நாள் அந்த போனைத் தமாஷாக நினைத்த என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. "ஐயோ, இல்ல மாமா, குதிரைதான்..." என்று குளறினேன். அதற்குள் போன் கை மாறியது.

"இன்னாங்க, அந்த ரீல்ஸ் குதிரையா அது?" நித்யாவின் குரல்.

"ஆமா."

"கேமராவக் காட்டுனா பின்னாலயே போவுமே?"

"ஆமா..." (என் ரீல்ஸைக் கடைசிவரை பார்த்த ஒரே ஜீவன் அவள்தான் என்று அப்போதுதான் தெரிந்தது.)

"அப்ப அதத் திருப்பி நிக்க வைங்க. பின்னாலயே வாங்க. எங்கப்பாவ அழ வுடாதீங்க."

துரையைத் திருப்பினோம். அதன் முகம் பிள்ளையாருக்கு, வால் மண்டபத்துக்கு. வீடியோக்காரரைச் சுற்றி ஓடி வந்து எதிரே நிற்கச் சொன்னோம். அவர் கையைத் தூக்க, துரை மகிழ்ச்சியோடு மண்டபத்தைப் பார்க்க நடந்தது. அதாவது, பார்க்காமல் நடந்தது. டிரம்ஸ்காரர்கள் முன்னால் போவதா பின்னால் போவதா என்று தெரியாமல் இரண்டு பக்கமும் பிரிந்து அடித்தார்கள். எனக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்றே தெரியவில்லை. சிரிப்புச் சத்தம் பெரிதாகிக்கொண்டே வந்ததால் நெருங்கிவிட்டேன் என்று புரிந்தது.

வாசலில் ஆரத்தித் தட்டோடு நின்ற பெண்கள் திகைத்தார்கள்.

"இன்னாடி இது, வாலுக்கா சுத்தறது?"

"எது மொதல்ல வந்துதோ அதுக்குச் சுத்துடி!" என்றார் என் மாமியார்.

சுற்றினார்கள். துரை அந்த நேரத்தில் தன் பங்குக்கு எதுவும் செய்யாமல் நாகரிகமாக நின்றது, அதற்கு இன்றுவரை நன்றி. நான் பெஞ்சில் கால் வைத்து, டாக்டரம்மா சொன்னபடி அழகாக இறங்கினேன். அன்று நான் ஒழுங்காகச் செய்த ஒரே காரியம் அதுதான். ஆரத்திக்கே வாசலுக்கு வந்துவிட்டிருந்த நித்யா, அவ்வளவு தூரம் பின்னால் நடந்ததற்குப் பாக்கியிருந்த வெல்லத்தை எல்லாம் துரைக்கு ஊட்டினாள். மாமனார் என் கையைப் பிடித்தவர், சாப்பாட்டுப் பந்தி வரை விடவேயில்லை.

துரைக்கு மறுபடி முதுகுவலி வரவில்லை. செல்லைத் தூக்கினால் நின்ற இடத்தில் நிற்கச் சித்தப்பா அதைப் பழக்கிவிட்டார். என்னை அந்தப் பக்கமே விடவில்லை.

மாமனார் வீட்டுக் கூடத்தில் எங்கள் கல்யாணப் படம் ஒன்றுதான் பெரிதாக மாட்டியிருக்கிறது. அதில் ஆரத்தித் தட்டு, ஒரு வெள்ளை வால், அதற்கு மேல் என் முதுகு, தலைப்பாகையின் பின்பக்கம், ஓரத்தில் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும் நித்யா. என் முகம் தெரிகிற படங்கள் எத்தனையோ இருக்கின்றன, மாற்றச் சொல்லி நானும் கெஞ்சிப் பார்த்துவிட்டேன். வருகிறவர்கள் எல்லாம் மாப்பிள்ளை எங்கே என்று கேட்கிறார்கள். மாமனார் எழுந்து போய் அந்த முதுகின் மேல் விரலை வைப்பார்.

"தோ, வந்துட்டாரு பாருங்க."