என் வீட்டில் பேசும் பெண்ணைப் பற்றி அக்காவுக்கு

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நான் நலம். அத்தானுக்கு முட்டிவலி தேவலை என்று நினைத்துக்கொள்கிறேன். கேட்கலாம் என்றால் நீ இடம் கொடுத்தால்தானே. நேற்று போன் செய்து, "உன் வீட்டுல எந்தப் பொம்பளைடா இருக்கா?" என்று கேட்டாய். நான் "அக்கா, அது வந்து" என்பதற்குள், "வந்துன்னு இழுக்குறியே, அப்ப இருக்கா. ஞாயித்துக்கிழமை நானும் அத்தானும் வர்றோம்" என்று வைத்துவிட்டாய். திரும்பக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. போன் என்றால் நீ பேசுவாய், நான் கேட்பேன். கடிதத்தில்தான் நீ குறுக்கே பேச முடியாது. நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், நடுவில் எழுந்து போகாமல் படி.

எல்லாம் நூலகத்தின் கூரைக் காரை விழுந்ததில் ஆரம்பித்தது. ரிட்டயரான பிறகு காலையில் நான் அங்கே பேப்பர் படிக்கப் போவது உனக்குத் தெரியும். என்னைப் போல இன்னும் நாலைந்து பேர் வருவார்கள். பேசிக்கொள்ள மாட்டோம், 'அமைதி காக்கவும்' என்று பலகை இருக்கிறது. தொப்பிக்காரர் ஒருவர் விளையாட்டுப் பக்கத்தை எடுத்தால் விடவே மாட்டார், நான் மனசுக்குள் திட்டுவேன், அவர் என்னைப் பார்த்துத் தொண்டையைச் செருமுவார், அதுவே ஒரு சிநேகம் மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. காரை விழுந்ததும் வாசிப்பறையைப் பூட்டிவிட்டார்கள். வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருந்த நூலகர் அம்மா, "கவலைப்படாதீங்க ஐயா, எல்லாம் ஆன்லைன்ல இருக்கு. பேப்பர், புத்தகம், கதை படிச்சுக் காட்டுறது வரைக்கும் இருக்கு. உங்க கார்டு நம்பர் போட்டா போதும், நீங்க வீட்டை விட்டு வெளியவே வர வேண்டாம்" என்றார். அதை அவர் நல்ல சேதி போலத்தான் சொன்னார்.

வீட்டுக்கு வந்து நம்பரைப் போட்டேன். யாரும் ஊகிக்க முடியாத பாஸ்வேர்டு வேண்டும் என்றது. வைத்தேன்; சாயங்காலத்துக்குள் என்னாலேயே ஊகிக்க முடியாமல் போயிற்று. மறதிக்காரர்களுக்கென்று ஒரு கேள்வி வைத்திருக்கிறார்கள், அதற்கு முன்கூட்டியே பதில் எழுதிவைக்க வேண்டுமாம்: 'உங்கள் மிக நெருங்கிய நண்பர் யார்?' லிப்ட் மெக்கானிக்காக ஆயுசெல்லாம் ஓடியவன் நான், இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்டவர்களிடம் கதவுக்கு வெளியே நின்று மணிக்கணக்கில் பேச்சுக் கொடுத்திருக்கிறேன், பெண்ணின் கல்யாணம், மாமியார் சண்டை, எல்லாம் சொல்வார்கள், கதவு திறந்ததும் அவரவர் வழியில் போய்விடுவார்கள். ஒரு பெயரும் வரவில்லை. உன் தம்பி பெண்டாட்டியைப் போடலாம் என்றால், உயிரோடு இல்லாதவரைப் போடலாமா கூடாதா என்று எங்கேயும் எழுதவில்லை. கடைசியில் 'அக்கா' என்று அடித்தேன். எழுத்து போதவில்லை, நீளமாக வேண்டும் என்றது. 'அக்காதான்' என்று அடித்தேன். ஒப்புக்கொண்டது.

முதலில் ஒரு நாவலை இரவல் எடுத்தேன். எழுத்து எறும்பு மாதிரி இருந்தது. பெரிதாக்க ஒரு பொத்தான் உண்டு, அழுத்தினேன், எவ்வளவு அழுத்தினேனோ, பக்கம் முழுக்க 'ஆனால்' என்ற ஒரே சொல் நின்றது. அடுத்த பக்கத்துக்குத் தள்ளினால் 'அவனோ'. அப்படியே சொல் சொல்லாகத் தள்ளித் தள்ளி, கதாநாயகன் ரயிலைப் பிடிக்க ஓடுகிற கட்டத்துக்கு வந்துவிட்டேன், மறுநாள் திறந்தால் புத்தகத்தையே காணோம். தவணை முடிந்ததாம், அதுவாகவே திரும்பிப் போய்விட்டதாம். ஒரு மனுஷன் கையிலிருந்து புத்தகத்தைப் பிடுங்க ஓர் ஆளாவது வர வேண்டாமா, அக்கா? வந்தால் நாமும் ரெண்டு வார்த்தை கேட்போம் இல்லையா?

அதற்குப் பிறகுதான் ஒலிநூலுக்குப் போனேன். இங்கேதான் உன் பொம்பளை வருகிறாள். நல்ல குரல். படிப்பவள் யாரென்று எனக்குத் தெரியாது. ஓரிடத்தில் தண்ணீர் குடிக்கிறாள், அதைக்கூட வெட்டாமல் விட்டிருக்கிறார்கள், எனக்கு அந்த இடம் பிடித்துப்போய் ஒன்றிரண்டு தடவை பின்னால் தள்ளிக் கேட்டேன். போனில் சத்தம் போதவில்லை என்று டிவி ஸ்பீக்கரில் இணைத்தேன். சாயங்காலம் நான் காய் நறுக்குவேன், அவள் படிப்பாள். கதையில் ஒருத்தி புருஷனிடம், "இவ்வளவு நேரம் எங்க போயிருந்தீங்க?" என்று கேட்டாள். நான் அடுக்களையிலிருந்து "பால் வாங்க" என்று சொல்லிவிட்டேன். வேணும்னு சொல்லலக்கா, வாய் தானா சொல்லிடுச்சு. இது கீழ்வீட்டு அம்மா காதில் விழுந்திருக்கிறது. அன்றைக்கென்று கதையிலும் சண்டை முற்றி, "என்னை இந்த வீட்டுல அடைச்சு வெச்சுக் கொல்றீங்க" என்று அவள் அழ ஆரம்பித்தாள். நன்றாகவே அழுதாள், நானே வெங்காயத்தை வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

கதவைத் தட்டினார்கள். கீழ்வீட்டு அம்மா, அவருக்குப் பின்னால் குடியிருப்பின் செயலாளர், அவருக்குப் பின்னால் வாட்ச்மேன். நான் பதற்றத்தில் நிறுத்திவிட்டுத்தான் திறந்தேன். அதுதான் தப்பாகப் போயிற்று.

"உள்ள யாரு சார் அழுதது?"

"யாருமில்லை."

"இப்ப கேட்டுச்சே."

"அது நூலகம்."

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சரி, நிரூபித்துவிடுவோம் என்று போனை எடுத்து அழுத்தினேன். ஸ்பீக்கரிலிருந்து அவள் தணிந்த குரலில், "போயிட்டாங்களா?" என்று கேட்டாள்.

செயலாளர் செருப்போடு உள்ளே வந்து படுக்கையறைக் கதவைத் திறந்து பார்த்தார். நல்லவேளையாக அவள் 'அத்தியாயம் பதினெட்டு' என்றாள், அப்போதுதான் அவருக்கு மூச்சு வந்தது. வெளியே போய்ச் செருப்பைக் கழற்றிவிட்டுத் திரும்பி வந்து மன்னிப்புக் கேட்டார். ஆனால் போகவில்லை. அத்தியாயம் ஓடிக்கொண்டிருந்தது, வாட்ச்மேன் சுவரில் சாய்ந்துகொண்டார், கீழ்வீட்டு அம்மா, "அடிப்பாவி, லெட்டரைக் கிழிச்சுட்டாளா?" என்றார். நான் நாற்காலி எடுத்துப் போட்டேன். அந்த அத்தியாயம் முடிகிறவரை இருந்தார்கள். என் வீட்டில் என்னைத் தவிர இன்னொருவர் இருமி எவ்வளவு காலமாயிற்று. போகும்போது செயலாளர், "கொஞ்சம் சத்தம் குறைச்சு வெச்சுக்குங்க சார்" என்றார். கீழ்வீட்டு அம்மா தட்ட வருவதற்கு முன்பே உனக்குப் போன் செய்திருக்கிறார். அவசரத்துக்கு என்று நீ கொடுத்த நம்பரை நன்றாகவே பயன்படுத்திக்கொண்டார்.

இப்போது காதில் மாட்டிக்கொண்டுதான் கேட்கிறேன். கதை அதேதான், குரல் அதேதான். ஆனால் காதிலிருந்து எடுத்தால் வீடு அப்படியே இருக்கிறது.

உனக்கு ஆதாரம் அனுப்பலாம் என்று நூலகத் தளத்தில் 'நூலகரிடம் கேளுங்கள்' என்ற கட்டத்திலும் எழுதினேன். 'வணக்கம், நான் இங்கே இருக்கிறேன். எப்படி உதவலாம்?' என்று வந்தது. என் வீட்டில் பேசியது உங்கள் ஒலிநூல்தான் என்று ஒரு சான்று தர முடியுமா என்று கேட்டேன். அப்படி ஒரு சேவை இல்லை, மன்னிக்கவும், வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்றது. வேண்டாம், நீங்கள் சாப்பிட்டீர்களா என்று கேட்டேன். 'உரையாடல் முடிந்தது. உங்கள் அனுபவத்தை மதிப்பிடுங்கள்' என்று வந்தது. ஐந்து நட்சத்திரமும் கொடுத்தேன். யாரோ எவரோ, அவர்கள் வேலைக்கு என்னால் கெடுதல் வரக்கூடாது.

ஆகவே அக்கா, என் வீட்டில் எந்தப் பெண்ணும் இல்லை. வீணாக அலைய வேண்டாம். பஸ்ஸில் அத்தனை தூரம் அத்தானால் காலை மடக்கி உட்கார முடியாது, இங்கே மாடிப்படி வேறு. நான் சௌகரியமாக இருக்கிறேன். அத்தானுக்கு என் வணக்கங்கள். பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் மாமாவின் ஆசிகள், குட்டிக்கு முத்தம்.

இப்படிக்கு
உன் தம்பி

பி.கு.: படித்ததும் இதைக் கிழித்துப் போட்டுவிடு, அத்தான் கண்ணில் பட வேண்டாம். வீட்டில் யாருமில்லை என்று தெரிந்தால் வழக்கம்போல 'அடுத்த மாசம் பார்க்கலாம்' என்பார். ஒருத்தி இருக்கிறாள் என்றே சொல். மெத்தையை வெயிலில் போட்டுவிட்டேன். இரவு தங்குகிற மாதிரி வாருங்கள்.