கடன் முடிந்ததற்கு ஒரு பத்தாயிரம் வாலா

ஊரில் என்னை அமைதியான ஆள் என்பார்கள். வாயைத் திறந்து ஒரு விஷயத்தைக் கேட்க வெட்கப்படுகிறவனுக்கு அது மரியாதையான பேர். அந்தப் பேரைக் காப்பாற்றப் போய் நான் பட்ட பாடுதான் இது.

திருத்தங்கலில் ஒரு காலண்டர் பிரஸ்ஸில் கட்டிங் மிஷின் ஓட்டுகிறேன். படிப்பு அஞ்சாப்பு. என் வீட்டுக்காரி முத்துமாரி பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து அடைக்கிற வேலை. ரெண்டு பேர் சம்பளத்தையும் காட்டி நாலு லட்சம் பேங்குக் கடன் வாங்கி வீடு கட்டினோம். பதினைந்து வருஷம், நூற்றி எண்பது தவணை. தவணை நாலாயிரத்து முந்நூறு.

வீட்டுப் பத்திரம் பேங்கில் போய் உட்கார்ந்த அன்று முத்துமாரியிடம் ஒரு வாக்குக் கொடுத்தேன்.

"கடன் முடியட்டும். மறுநாள் நீ மருந்து ரூமுக்குப் போக வேண்டாம்."

அவள் சிரித்தாள். "பதினஞ்சு வருசம் அங்கன உசுரோட இருந்தாப் பாப்போம்."

அவள் விளையாட்டுக்குச் சொன்னாள். எனக்கு விளையாட்டாகப் படவில்லை. எங்கள் பக்கம் தூரத்தில் எங்கேயாவது சத்தம் கேட்டால், எந்தத் திசை என்றுதான் முதலில் பார்ப்போம். அவள் கம்பெனி இருக்கிற திசை என்றால் நான் மிஷினை நிறுத்திவிட்டு சைக்கிளை எடுத்துவிடுவேன். (மொதலாளி ஒன்றும் சொல்ல மாட்டார். அவரும் அதே திசையைத்தான் பார்த்துக்கொண்டு நிற்பார்.)

முதல் தவணை கட்டப் போனபோது கவுன்டரில் இருந்த அம்மா ஒரு வழி சொன்னது.

"மாசாமாசம் கொஞ்சம் கூடச் சேத்துக் கட்டுங்கண்ணே. சீக்கிரம் முடியும். வட்டியும் குறையும்."

எவ்வளவு குறையும் என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

அன்றிலிருந்து மாதம் முந்நூறு கூடக் கட்டினேன். டீயை விட்டேன். ஞாயிற்றுக்கிழமைக் கறியை ஒன்று விட்டு ஒரு வாரமாக்கினேன். முத்துமாரி ஒரு மிக்ஸி கேட்டாள். "கடன் முடியட்டும்" என்றேன். இந்த ரெண்டு வார்த்தைக்கு மேல் நான் அந்த வருஷங்களில் பேசியதாக ஞாபகம் இல்லை.

கணக்கை என் கையில் வைத்துக்கொண்டேன். பிரஸ்ஸில் கழிந்த காலண்டர் அட்டை ஒன்றில் நூற்றி எண்பது கட்டம் போட்டேன். தவணை கட்டினால் முன்னாலிருந்து ஒரு கட்டத்தை அடிப்பேன். முந்நூறு முந்நூறாகச் சேர்ந்து ஒரு தவணை அளவுக்கு வந்ததும், வாலிலிருந்து ஒரு கட்டத்தை அடிப்பேன். கணக்குப்படி நூற்றி அறுபத்தெட்டாவது தவணையோடு கடன் முடிய வேண்டும். ஒரு வருஷம் மிச்சம்.

வட்டி குறைவதை ஏன் சேர்க்கவில்லை என்று கேட்பீர்கள். எனக்குத் தெரிந்த வட்டி குறையாது. எங்கள் தெருவில் வட்டிக்குக் கொடுப்பவரிடம் பத்தாயிரம் வாங்கினால், பத்தாயிரத்தையும் ஒரே நாளில் கொண்டுபோய் வைக்கிறவரை வட்டி அப்படியே நிற்கும். நடுவில் ஆயிரம் கொண்டுபோனால், "மொத்தமாக் கொண்டாப்பா, போ" என்று அனுப்பிவிடுவார். ஏசி போட்டு உட்கார்ந்து வட்டி வாங்குகிறவர்கள் மட்டும் குறைத்து வாங்குவார்களா என்ன? அந்த அம்மா என் மனசு சந்தோஷப்படச் சொன்னது என்று எடுத்துக்கொண்டேன்.

பணத்தை என் கணக்கில் போடுவேன். அதில் விழுகிற பணம் எல்லாம் கடனுக்குப் போகும்படி ஆரம்பத்திலேயே எழுதிக் கொடுத்தாயிற்று. ரசீதைக் கிழித்துக்கொண்டு வந்துவிடுவேன். பாஸ்புக் அடிக்கிற மிஷின் ஓடிய நாளில் நான் போனதில்லை. நான் போன நாளில் அது ஓடியதில்லை. கடன் வாங்கியபோது என்னிடம் போன் கிடையாது. தாயில்பட்டியில் இருக்கிற மச்சான் கருப்பசாமியின் நம்பரைக் கொடுத்திருந்தேன். முத்துமாரியின் அண்ணன்.

வருஷங்கள் போயின. கடைசிக்கு முந்தின வருஷம் அம்மன் கோயில் பங்குனிப் பொங்கல் சமயம், முத்துமாரி கம்பெனியில் அவளுக்குப் பக்கத்து ரூமில் பொறி பட்டு எல்லாரும் வெளியே ஓடினார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அவள் சேலை முந்தானை மட்டும் ஒரு முழம் கருகிவிட்டது. வீட்டுக்கு வந்து அந்தக் கருகலைக் கத்தரித்து எடுத்தாள். நான் அட்டையை எடுத்துக் கட்டங்களை எண்ணினேன். ஒன்றும் செய்ய முடியவில்லை. மறுநாள் அவள் வேலைக்குப் போனாள்.

ஒரு வழியாக நூற்றி அறுபத்தெட்டாவது கட்டம் வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை. முந்தின நாளே முத்துமாரி கம்பெனியில் கணக்கை முடித்துக்கொண்டு வந்துவிட்டாள். கல்யாணப் பட்டைக் கட்டிக்கொண்டாள். கருப்பசாமி மச்சான் பைக்கில் ஒரு பத்தாயிரம் வாலாவை வைத்துக் கட்டிக்கொண்டு நேராகப் பேங்குக்கே வந்து இறங்கினார்.

"உள்ள போய்க் கட்டிட்டு வந்து வெடிப்போம் மச்சான்" என்றேன்.

"பத்தரைக்கு ராகு காலம் மாப்ள. மொதல்ல பத்த வைப்போம். கட்டுறது எங்க ஓடிரப் போகுது?"

பேங்கு வாசலில் சரத்தை விரித்தார். பத்த வைத்தார்.

ஊர்க்காரர்கள் யாரும் அசையவில்லை. எதிர் டீக்கடையில் இருந்த பெரியவர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "அஞ்சாயிரமா, பத்தாயிரமா?" என்றார். மேனேஜர் மட்டும் வெளியூர். மாற்றலாகி வந்து ஒரு மாதம்தான். மேஜைக்கு அடியில் போய்விட்டார். யாரோ அலாரத்தை அழுத்திவிட்டார்கள். வெடி ஒரு பக்கம், அலாரச் சங்கு ஒரு பக்கம். காவலுக்கு இருந்த பட்டாளத்துக்காரர் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து, யாரைச் சுடுவது என்று தெரியாமல் நின்றார்.

புகை அடங்கியதும் எங்கள் மூன்று பேரையும் மேனேஜர் அறைக்குக் கூட்டிப் போனார்கள். அவர் சட்டையில் தூசி.

"யாருங்க நீங்க? எதுக்குங்க இங்க வந்து வெடி போட்டீங்க?"

"கடன் முடியுது சார்" என்று கணக்கு நம்பரைக் கொடுத்தேன்.

அவர் கம்ப்யூட்டரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி கம்ப்யூட்டரைப் பார்த்தார்.

"உங்க பேர்ல லோனே இல்லைங்களே."

பதினாலு வருஷம். டீ. கறி. மிக்ஸி.

மச்சான்தான் எழுந்தார். "என்ன சார் சொல்றீக? மாசம் தவறாமக் கட்டுன மனுசன். அம்புட்டுப் பணமும் எங்க போச்சு? வீடு யார் பேர்ல இருக்கு இப்ப?"

"கத்தாதீங்க. லோன் முடிஞ்சிருச்சுங்க. முடிஞ்சு பதிமூணு மாசம் ஆச்சு. மாசாமாசம் முந்நூறு கூடக் கட்டியிருக்காரு. அம்புட்டும் அசல்ல கழிஞ்சு, வட்டியும் குறைஞ்சு, கெடுவுக்கு ரெண்டு வருஷம் முன்னாலயே முடிஞ்சிருச்சு. அதுக்கப்புறம் கட்டுனது எல்லாம் இவர் கணக்குலயே கெடக்கு. பத்திரம் எங்க ரூம்ல கெடக்கு. லெட்டர் போட்டோம். மெசேஜ் போட்டோம்."

லெட்டர் பழைய வாடகை வீட்டுக்குப் போயிருக்கிறது. மெசேஜ்?

மச்சான் போனை எடுத்துக் கண்ணுக்குக் கிட்ட வைத்துத் தள்ளிக்கொண்டே போனார். "இங்கிலீசுல தெனம் பத்து வருது மாப்ள. லோன் வேணுமான்னு கேக்கான்னு நெனச்சு அழிச்சு விட்டேன்."

முத்துமாரி மேனேஜரைப் பார்த்து ஒன்று கேட்டாள்.

"போன வருசம் பங்குனிப் பொங்கலுக்கு முந்தி முடிஞ்சதா சார், பெறகா?"

"முந்திங்கம்மா. மாசியிலயே முடிஞ்சிருச்சு."

அவள் என் பக்கம் திரும்பினாள்.

"அப்ப எஞ் சேல கருகுனது சும்மாவா?"

நான் தலையைக் குனிந்தேன். மேனேஜருக்கு என்னவென்று தெரியாது. ஆனால் அவரும் தலையைக் குனிந்துகொண்டார். நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். இத்தனை வருஷம் பேசாமல் சேர்த்த வார்த்தையில் ஒன்றுகூட அப்போது கைக்குக் கிடைக்கவில்லை.

அவளே மறுபடி பேசினாள். "எம்புட்டுக் கெடக்கு சார் அதுல?"

"அறுபதாயிரத்துக்குக் கொஞ்சம் குறைய."

"எம் பேருக்கு ஒரு கணக்கு ஆரம்பிங்க. அதுல போடுங்க." என்னிடம், "கையெழுத்துப் போடுங்க" என்றாள்.

போட்டேன்.

பத்திரத்தை வாங்கிக்கொண்டு வெளியே வந்தால், காவல்காரர் விளக்குமாறோடு நின்றார். வாசலைச் சுத்தம் பண்ணாமல் போகக் கூடாது என்று மேனேஜர் உத்தரவு. பத்தாயிரம் வெடியில் எவ்வளவு காகிதம் இருக்கும் என்று, பட்டாசு ஊரில் பிறந்து வளர்ந்த எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. மச்சான் வண்டிக்குப் பெட்ரோல் போடப் போகிறேன் என்று போனவர், தாயில்பட்டி போய்ச் சேர்ந்துவிட்டார். நான் கூட்டினேன். முத்துமாரி பட்டுச் சேலையில் படியில் உட்கார்ந்து, "அந்த மூலையில கெடக்கு பாருங்க, இங்கன கெடக்கு பாருங்க" என்று கை காட்டினாள். பாதியில் சிரிக்க ஆரம்பித்தாள். முந்தானையால் வாயை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் சிரித்தாள். கண்ணையும் துடைத்துக்கொண்டாள். எது சிரிப்பில் வந்தது, எது மற்றதில் வந்தது என்று நான் கேட்கவில்லை.

மருந்து ரூமுக்கு அவள் அதற்குப் பிறகு போகவில்லை. அந்தப் பணத்தில் மாவு அரைக்கிற கிரைண்டர் ஒன்று வாங்கிப் போட்டு, வீட்டிலேயே மாவு விற்கிறாள். என்னைவிட நன்றாகச் சம்பாதிக்கிறாள். தூரத்தில் சத்தம் கேட்டால் இப்போதும் திசையைப் பார்க்கிறேன். சைக்கிளை எடுப்பதில்லை.

ஆனால் வீட்டில் நான் எதற்குப் பணம் கட்டக் கிளம்பினாலும் வாசல் வரை ஒரு குரல் கூடவே வரும். கரண்ட் பில்லா, தண்ணி வரியா, "பாக்கி இருக்கான்னு மொதல்ல கேளுங்க". கட்டிக் கொடுத்த மகளும் சொல்கிறாள். மருமகனும் (மரியாதையாக, முகத்தைத் திருப்பிக்கொண்டு) சொல்கிறார். போன மாதம் குடும்பத்தோடு கோயிலுக்குப் போனோம். உண்டியலில் நூறு ரூபாயைப் போடக் கையைத் தூக்கினேன். சந்நிதியில் அம்பது பேர் நிற்கிறார்கள். முத்துமாரி கும்பிட்ட கையை எடுக்காமல் கேட்டாள்:

"சாமிக்கு இன்னும் பாக்கி இருக்கான்னு கேட்டீகளா?"

பூசாரி சிரித்துவிட்டார். நான் நூறைப் போட்டேன்.