எதிர் ஃபிளாட்டு விசில்

கர்ப்பப்பையை எடுப்பது கடைவாய்ப் பல்லைப் பிடுங்குகிற மாதிரி என்று நம்பிய மேதை நான். காலையில் பிடுங்கினால், சாயங்காலம் பஞ்சைத் துப்பிவிட்டு எழுந்து ரசம் வைக்கலாம். என்னைத் திருத்த மந்தைவெளியிலேயே ஓர் ஆளுக்குத்தான் தெம்பு இருந்தது. எதிர் ஃபிளாட்டு விசில் டீச்சர். அவர் ஊதினால் தெருமுனையில் ஆட்டோ நிற்கும், நாய்கள் வரிசையில் வரும்.

என் மனைவி சுமதி ஆபரேஷன் முடிந்து வீடு வந்த அன்றே, டீச்சர் எங்கள் வாசலுக்கு நேரே பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுவிட்டார். கழுத்தில் விசில். சுமதி குனிந்தால் ஒன்று. குக்கரைத் தூக்கப் போனால் நீளமாக ஒன்று. மூன்று விசில் வந்துவிட்டதே என்று நான் ஓடிப்போய் அடுப்பை அணைத்தால், பருப்பு வெந்தே இருக்காது.

"வெயிட் தூக்கக் கூடாதுன்னு டாக்டரம்மா சொன்னது உங்க காதுல விழலையா தம்பி?"

"விழுந்துச்சு டீச்சர். தூக்காதேன்னு நானும் சொன்னேன்."

"சொல்லிட்டு?"

சொல்லிவிட்டு சோபாவில்தான் இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கோடம்பாக்கத்திலிருந்து என் தங்கை குடும்பத்தோடு உடம்பு விசாரிக்க வந்தாள். ஹார்லிக்ஸ் பாட்டிலை மேஜையில் வைத்துவிட்டு, "காபியெல்லாம் வேணாம் அண்ணி" என்றாள். எங்கள் குடும்பத்தில் அதற்கு, சர்க்கரை கம்மியாகப் போடவும் என்று பொருள். சுமதி சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். வாசலிலிருந்து விசில் காதைக் கிழித்தது.

"பாக்க வந்தீங்களா, காபி குடிக்க வந்தீங்களா?" என்றார் டீச்சர்.

தங்கைக்கு முகம் கறுத்துவிட்டது. "எனக்கு சிசேரியன் ஆனப்ப நான் ஒரே வாரத்துல எந்திரிச்சு நடமாடினேன்."

அந்த ஒரு வாரமும் அவளுக்குப் பத்தியம் சமைத்துப் போட்டவள் சுமதி. அது யாருக்கும் ஞாபகம் வரவில்லை. எனக்கும்தான்.

அவர்கள் கோபித்துக்கொண்டு போனதும் எனக்கு ரோஷம் வந்தது. "இது வீடு டீச்சர், ஸ்கூல் கிரவுண்டு இல்ல. இனிமே விசில் வேணாம்."

டீச்சர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்.

மறுநாள் ஆபீஸ் விட்டு வருகிறேன், மொட்டை மாடிப் படியில் சுமதி உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில் ஈரத் துணி வாளி. நைட்டியில் ரத்தம். வாளியில் மேலாகக் கிடந்தது என் வெள்ளைச் சட்டை.

"நாளைக்கு உங்களுக்கு மீட்டிங்காச்சே" என்றாள்.

மறுபடி ஆஸ்பத்திரி, மறுபடி தையல். டாக்டரம்மா என்னைக் கேட்டதை இங்கே எழுதினால் பத்திரிகை ஆசிரியர் வெட்டிவிடுவார். யாரும் சுமதியிடம் "வலிக்குதா?" என்று கேட்டதில்லை, "எப்ப எந்திரிப்ப?" என்றுதான் கேட்டோம். அது எனக்கு அங்கே, மருந்து வாங்கும் வரிசையில் நிற்கும்போதுதான் உறைத்தது.

அவளை வீட்டில் படுக்க வைத்துவிட்டு நேரே எதிர்க் கதவைத் தட்டினேன்.

"மறுபடியும் ஊதுங்க டீச்சர். என்னைப் பார்த்தும் ஊதுங்க."

அவர் நாற்காலியை வெளியே இழுத்தார். கொஞ்சம் சமாதானமாகட்டும் என்று பேச்சுக் கொடுத்தேன். "எந்த ஸ்கூல்ல பி.டி. டீச்சரா இருந்தீங்க?"

"நான் கணக்கு டீச்சர்."

"அப்ப இந்த விசில்?"

"எனக்கும் இதே ஆபரேஷன் ஆச்சு தம்பி."

"அப்ப உங்களுக்கு யாரு டீச்சர் ஊதினாங்க?"

எங்கள் வாசலுக்கு நேரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, விசிலை முந்தானையில் துடைத்தார்.

"யாருமில்ல, அதான் வாங்கினேன்."