பிரேக்கில் கால் வைக்காத எட்டு விநாடி

அன்பும் அதட்டலும் சரிபாதியாகக் கொண்ட என் அக்காவுக்கு,

உன் ஒரே தம்பி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அந்த 'எல்லோரும்' என்பதில் உன் மகளும் அடக்கம். இதை முதலிலேயே எழுதிவிட்டால்தான் மீதியை நீ உட்கார்ந்து படிப்பாய். இல்லாவிட்டால் பாதியில் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாய். அத்தானின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். இந்தக் கடிதத்தை அவர் கண்ணில் காட்டாதே.

போன வாரம் நீ போனில், "உன் மருமக மலை ரோட்டுல ஸ்கேட்போர்டுல நின்னுக்கிட்டு கார் வேகத்துல இறங்குறாளாம், அதைப் படம் வேற புடிக்கிறாங்களாம், போய் நிறுத்துடா" என்றாய். நான் நிறுத்தத்தான் போனேன். முப்பத்தொரு வருடமாகக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன். மாணவர்கள் ஓட்டுவார்கள், பக்கத்து இருக்கையில் என் காலடியில் இருக்கும் இரண்டாவது பிரேக்கை மிதித்து நான் நிறுத்துவேன். நிறுத்துவதற்கு என்னைவிட்டால் நம் குடும்பத்தில் வேறு ஆள் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு, மாணவன் ஒருவன் ஓட்ட, கூரையில் 'பயிற்சி வாகனம்' என்ற மஞ்சள் பலகையோடு மலையுச்சிக்குப் போய்ச் சேர்ந்தேன். உன் மகள் உடம்போடு ஒட்டிய தோலாடையும், தரையில் ஊன்றிச் சறுக்குவதற்காக உள்ளங்கையில் பிளாஸ்டிக் வில்லை ஒட்டிய கையுறையும் போட்டுக்கொண்டு நின்றாள். அவளோடு ஒரு நெட்டையான கேமராக்காரர். எல்லோரும் அவரை முக்காலி என்றுதான் கூப்பிடுகிறார்கள். இன்னொரு பெண் மருந்துக்கடை வைத்திருப்பவர். கீழே வளைவில் வாக்கி டாக்கியோடு நின்று எதிரே என்ன வருகிறது என்று சொல்வது அவர் வேலை. ஏனென்றால் அக்கா, அந்தச் சாலையை யாரும் மூடவில்லை. பஸ்ஸும் பால் வண்டியும் போகிற சாலை. இவர்களுடைய ஏற்பாடு என்னவென்றால், முன்னால் ஒரு கார் இறங்க வேண்டும், அதன் டிக்கியைத் திறந்துவைத்து முக்காலி பின்பக்கம் பார்த்து உட்கார்ந்து, இடுப்பில் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு படம் எடுப்பார், காருக்கு இரண்டு கை தூரத்தில் உன் மகள் குனிந்தபடி வருவாள். வழக்கமாகக் கார் ஓட்டுகிறவருக்குக் கன்னம் வீங்கி அன்று வரவில்லை.

"நல்லதாப் போச்சு, எல்லாரும் வீட்டுக்குக் கிளம்புங்க" என்றேன்.

"மாமா, நீங்க ஓட்டலைன்னா முக்காலியே ஒரு கையால ஓட்டிக்கிட்டு இன்னொரு கையால படம் எடுப்பாரு" என்றாள் உன் மகள்.

முக்காலியின் முகத்தைப் பார்த்தேன். செய்யக்கூடிய முகம்தான். அக்கா, நீயே சொல், நான் என்ன செய்திருக்க வேண்டும்? அவருக்குப் பதில் நான் ஓட்டினால் ஆபத்து பாதியாகக் குறையுமே என்று கணக்குப் போட்டு, மாணவனை மேலேயே இறக்கிவிட்டு, பல வருடத்துக்குப் பிறகு என் காரில் ஓட்டுநர் இருக்கையில் நானே உட்கார்ந்தேன். இடம் மாறி உட்கார்ந்ததில் கண்ணாடியில் தெரிந்தது என் முகமா, மாணவன் முகமா என்றே ஒரு நிமிடம் குழம்பிவிட்டது. உன் மகள் ஜன்னலில் தலையை நீட்டி, "மாமா, ஒண்ணே ஒண்ணுதான். என்ன நடந்தாலும் பிரேக் மட்டும் போடாதீங்க. நான் நேரா டிக்கிக்குள்ள வந்துருவேன்" என்றாள். முப்பத்தொரு வருடம் பிரேக் போட்ட காலுக்கு, அதைச் சொன்னதும் தனியாக வியர்த்தது.

இறங்கினோம். ஐம்பது, அறுபது, எழுபது. பின்னால் சக்கரங்கள் தார் ரோட்டில் உறுமுகிற சத்தம், அவ்வளவு பக்கத்தில். கண்ணாடியில் முக்காலியின் முதுகு. அதற்கு மேலே உன் மகளின் ஹெல்மெட். முதல் வளைவில், "காலி, வாங்க" என்றது வாக்கி டாக்கி. இரண்டாவதில், "ஒரு லாரி ஏறி வருது, மெதுவாத்தான் வருது, உங்க பாதை காலி" என்றது. அந்தப் பெண் பொய் சொல்லவில்லை. மேசை நாற்காலி ஏற்றிய லாரி, தன் பாதையில் ஒழுங்காகத்தான் ஏறிக்கொண்டிருந்தது. அதன் முதுகில் ஒட்டிக்கொண்டு வந்த வெள்ளைக் கார் அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. நாங்கள் வளைவு திரும்பிய அதே நொடியில், அந்தக் கார் லாரியை முந்துவதற்காக எங்கள் பாதையில் ஏறிவிட்டது.

நான் பிரேக் போட்டால் உன் மகள் என் டிக்கியில். போடாவிட்டால் நானும் முக்காலியும் வெள்ளைக் காரில். என் கால் தானாகவே பிரேக் பக்கம் போனது அக்கா, பொய் சொல்ல மாட்டேன், போனது. அதை நான் இழுத்து ஆக்சிலரேட்டரில் வைத்து மிதித்தேன். கார் பாய்ந்தது, எனக்கும் அவளுக்கும் நடுவே இடைவெளி விழுந்தது. ஹார்னை அழுத்திய கையை எடுக்காமலே வண்டியை ஓரத்து மண்ணில் இரண்டு சக்கரம் இறங்கும்படி ஒடித்தேன். கண்ணாடியில் உன் மகள் நிமிர்வதையும், ஒரு கையைத் தரையில் ஊன்றி ஸ்கேட்போர்டைக் குறுக்கே திருப்பிச் சறுக்குவதையும் பார்த்தேன். பிறகு புகைதான் தெரிந்தது. வெள்ளைக் கார் கிறீச்சிட்டு லாரிக்குப் பின்னால் ஒடுங்கியது. அதன் கண்ணாடி என் கண்ணாடியைத் தட்டிவிட்டுப் போனது. அதற்கப்புறம்தான் பிரேக் போட்டேன். காரை விட்டு இறங்கினேன்.

உன் மகள் சாலையோரப் புல்லில் உட்கார்ந்திருந்தாள். முழங்கையில் சிராய்ப்பு, வேறொன்றும் இல்லை. அவளிடம் ஓடுவதற்குள் வெள்ளைக் காரிலிருந்து ஒருவர் இறங்கிக் கத்திக்கொண்டே வந்தார். "டிக்கியத் தொறந்து போட்டுக்கிட்டு எவன்யா கார் ஓட்டுறது? உனக்கெல்லாம் எவன்யா லைசென்ஸ்..." என்றவர் என்னைப் பார்த்ததும் அப்படியே நின்று, "சார்! நீங்களா?" என்றார். ஒன்பது முறை தேர்வில் தோற்றுப் பத்தாவது முறை தேறிய என் மாணவர், பல் டாக்டர். "வளைவுல முந்தச் சொல்லி நானாய்யா சொல்லிக்கொடுத்தேன்?" என்றேன். "பின்னாடி ஆளை வச்சுக்கிட்டு இறங்கச் சொல்லியும் சொல்லிக்கொடுக்கலையே சார்" என்றார். இருவரும் தலையைக் குனிந்துகொண்டோம்.

உன் மகளுக்கு அருகே போய் உட்கார்ந்தேன். ஹெல்மெட்டை நான்தான் கழற்றினேன். "மாமா, நீங்க பிரேக் போட்டிருந்தீங்கன்னா..." என்று ஆரம்பித்தவள் முடிக்கவில்லை. என் தோளில் முகத்தை வைத்து, சின்ன வயதில் அழுத மாதிரியே அழுதாள். நானும் அழுதேன், முக்காலிக்குத் தெரியாமல்.

ஆகவே அக்கா, நீ சொன்னபடி எல்லாம் நின்றுவிட்டது. "திறந்த ரோட்டுல இனிமே இல்ல மாமா, சத்தியமா" என்று அவளே சொல்லிவிட்டாள். ஸ்கேட்போர்டு என் அலுவலக அலமாரியில் பூட்டிக் கிடக்கிறது. சாவி என் சட்டைப் பையில். நீ நிம்மதியாகத் தூங்கலாம். அத்தானுக்கு என் வணக்கம். சின்னவளுக்கு என் ஆசி. நீங்கள் நால்வரும் நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு இப்போது வேறு வேண்டுதல் இல்லை.

உன் அன்புத் தம்பி.

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப்போகும் நேரத்தில் முக்காலி வந்தார். எடுத்ததைப் போட்டுப் பார்த்தோம். நான் ஆக்சிலரேட்டரை மிதித்ததில் அவர் குப்புற விழுந்து, அந்த எட்டு விநாடியும் அவருடைய செருப்பு மட்டும்தான் பதிவாகியிருக்கிறது. முப்பத்தொரு வருடத் தொழிலில் நான் உருப்படியாக ஓட்டிய எட்டு விநாடி அக்கா! உன் மகள், "வேணாம் மாமா, விட்டுடுங்க" என்று கெஞ்சுகிறாள். அதையே மறுபடி ஒருமுறை எடுக்க நான்தான் பேசிப் பேசிச் சம்மதிக்க வைத்திருக்கிறேன். வியாழக்கிழமை காலை ஏழு மணி. வெள்ளைக் காரை ஓட்டப் பல் டாக்டரும் ஒப்புக்கொண்டார். இரண்டாவது வளைவில் கண் நன்றாகத் தெரிகிற ஆள் ஒருவர் தேவை. நீ செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பி வா.