வெண்டல் செய்த டிராகன்

மணி மூன்றரை ஆகியும் டிராகனின் முதுகில் பெயிண்ட் காயவில்லை. வெண்டல் ஒரு விரலால் தொட்டுப் பார்த்தான். விரல் பச்சையானது. சந்தேகம் தீராமல் இன்னொரு விரலால் தொட்டான். அதுவும் பச்சை.

"காஞ்சிருச்சாப்பா?" பள்ளிப் பையைக்கூட இறக்காமல் வந்து நின்றாள் மகள் பிரிட்டா.

"கிட்டத்தட்ட."

"கிட்டத்தட்டன்னா இல்லைன்னுதானே அர்த்தம்?"

ஏழு வயதுக்கு இந்த வாய் அதிகம்தான். ஆனால் அந்த வாயெல்லாம் வீட்டோடு சரி. டெ மாயின் ஊரிலிருந்து வடக்கே டுலூத் ஊருக்குக் குடிவந்து இரண்டு மாதம் ஆகிறது. பள்ளியில் அவள் யாரிடமும் பேசியதாகத் தகவல் இல்லை. மதியம் தனியாக உட்கார்ந்துதான் சாப்பிடுகிறாளாம். ஹாலோவீனுக்கு மற்றப் பிள்ளைகள் மாதிரி வேஷம் கட்டிக்கொண்டு, வீடு வீடாக மிட்டாய் வாங்கித் தெருவைச் சுற்றினாலாவது பிள்ளைக்கு ஒரு சிநேகிதி கிடைக்காதா என்று வெண்டலும் அவன் மனைவி ஜோலீனும் தவித்துக்கொண்டிருந்தார்கள். பிரிட்டாவோ கறாராகச் சொல்லிவிட்டாள்: யாராவது கேலி செய்தால் பாதியில் திரும்பிவிடுவாளாம், அப்புறம் அந்தத் தெருவில் யார் முகத்திலும் விழிக்க மாட்டாளாம்.

கடையில் அழகான ரெடிமேட் டிராகன் தொங்கத்தான் செய்தது. ஆனால் வீடு மாறிய செலவு கையைக் கடித்துக்கொண்டிருந்த மாதம். விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்த வெண்டல், "இதெல்லாம் ஒரு டிராகனா? நான் செய்யறேன் பாரு!" என்றான். ஜோலீன் அந்த இடத்திலேயே தலையில் கை வைத்துக்கொண்டாள்.

ஆரம்பம் என்னவோ அமர்க்களம்தான். சாமான் கட்டி வந்த அட்டைப்பெட்டி உடம்பானது. முட்டை அட்டைகள் முதுகுச் செதில்களாயின. துணி உலர்த்தும் மெஷினின் பழைய குழாய் வாலானது. முன்பு குடியிருந்தவர்கள் கீழ்த்தளத்தில் விட்டுப்போன பச்சைப் பெயிண்டும் கிடைத்தது. வெளிச்சுவருக்கானது, காய ஒரு நாள் ஆகும் என்று டப்பாவில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. வெண்டல் டப்பாவைப் படிக்கிற ரகமில்லை.

"ஹேர் டிரையர் எடுத்துட்டு வா, அஞ்சு நிமிஷத்துல காய வெச்சிடறேன்."

ஐந்து நிமிடத்தில் பெயிண்ட் காயவில்லை, பசை இளகியது. செதில்கள் ஒவ்வொன்றாகத் தரையில் விழுந்தன.

"அப்பா, டிராகனுக்கு முடி கொட்டுது."

"கொட்டட்டும். திரும்ப ஒட்டி, மேல கனமா எதையாவது வெச்சு அழுத்தினா சரியாயிடும்."

கனமாக வேறென்ன, அவனேதான். பழைய தலையணையை டிராகன் முதுகில் போட்டு அதன்மேல் உட்கார்ந்தான். எழுந்தபோது செதில்கள் நின்றன. தலையணையும் நின்றது. பிய்த்து எடுக்கிறேன் என்று இவன் ஒரு இழு இழுத்தான், உறை டர்ரென்று கிழிந்தது. உள்ளே இருந்த இறகெல்லாம் ஈரப் பெயிண்டில் போய் ஒட்டிக்கொண்டது.

பிரிட்டா ஒரு இறகைப் பிய்த்துப் பார்த்தாள். "டிராகனுக்கு இறகு உண்டா?"

"சில ஜாதிக்கு உண்டு," என்றான் வெண்டல், அவள் கண்ணைப் பார்க்காமல்.

அப்போது ஆஸ்பத்திரி வேலையிலிருந்து ஜோலீன் போன் செய்தாள். "பனி விழ ஆரம்பிச்சிருச்சு. பிள்ளைக்குத் தடிக் கோட்டைப் போட்டுத்தான் கூட்டிட்டுப் போகணும், சொல்லிட்டேன்."

"கோட்டுக்கு மேல டிராகன் ஏறாது, ஜோலீன்."

"அப்ப டிராகனைப் பெருசாக்கு!"

வெண்டல் முதுகைக் கத்தியால் கீறி, நடுவில் இன்னொரு அட்டையை வைத்துச் சாம்பல் நிற டேப்பைச் சுற்றினான். இப்போது கோட்டு நுழைந்தது, ஆனால் கோட்டின் தொப்பிமேல் டிராகன் தலை உட்காரவில்லை. கீழ்த்தாடையை வெட்டினான். தாடை போனதும் டிராகன் வாத்து மாதிரி ஆனது. வாசற்படி இறங்கும்போது வால் கழன்று, இவர்களுக்கு முன்னால் உருண்டு போய் நின்றது.

"நாளைக்கு ஸ்கூல் பார்ட்டிக்கும் நான் இதையேதான் போடணுமா?" வாலைப் பொறுக்கிக்கொண்டே கேட்டாள் பிரிட்டா.

"நாளைக் கதை நாளைக்கு. ஜோக் ஞாபகம் இருக்கில்ல? வெறுங்கையை நீட்டக் கூடாது. ஜோக் சொல்லித்தான் மிட்டாய் வாங்கணும். எந்த ஊர்ல இருந்தாலும் நம்ம முறை அதுதான்."

ஐந்தரை மணிக்குப் பக்கத்து வீட்டு மிஸஸ் ஹெக்லண்டின் கதவைத் தட்டினார்கள். கையில் கரண்டியோடு கதவைத் திறந்த அந்த அம்மாள் அப்படியே நின்றுவிட்டாள்.

"இன்னிக்கா…" என்று எதையோ கேட்க வந்தவள், பிரிட்டாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

பிரிட்டாவுக்கு மனப்பாடம் செய்த ஜோக் சுத்தமாக மறந்துபோனது. போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தான் வெண்டல். அப்போது அவள் மெல்ல வாயைத் திறந்தாள்.

"நான் யாருன்னு சொல்லுங்க பாப்போம்?"

"கோழியா?"

"இல்ல."

"தலையணையா?"

"இல்ல."

"பனியில மாட்டின குப்பை லாரியா, கண்ணு?"

"டிராகன்! எங்கப்பாவே செஞ்சது!"

மிஸஸ் ஹெக்லண்ட் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வர, கரண்டி கீழே விழ, அப்படி ஒரு சிரிப்பு. பிரிட்டா அவளையே உற்றுப் பார்த்தாள். இது கேலியா, இல்லை தன் ஜோக்குக்குக் கிடைத்த சிரிப்பா? யோசித்துப் பார்த்தவள் தன் ஜோக்குக்குத்தான் என்று முடிவுகட்டி, தானும் விழுந்து விழுந்து சிரித்தாள். வெண்டலுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

மிஸஸ் ஹெக்லண்ட் உள்ளே ஓடி இரண்டு வாழைப்பழம் கொண்டுவந்து பையில் போட்டாள். "இந்த வரிசை முழுக்கப் போறீங்களா? மெதுவாப் போங்க. ரொம்ப மெதுவா. வழுக்கும்."

ஹாலோவீனுக்கு வாழைப்பழமா என்று வெண்டலுக்குத் தோன்றியது. ஊருக்கு ஊர் வழக்கம் என்று விட்டுவிட்டான். இரண்டாவது வீட்டுக்காரர் ஒரு டப்பா பீன்ஸ் கொடுத்தார். மூன்றாவது வீட்டில் பாதி கேக்.

நாலாவது வீட்டிலிருந்து நிலைமையே மாறிவிட்டது. இவர்கள் போவதற்குள் வாசல் விளக்குகள் வரிசையாக எரிந்தன. தட்டும் முன்பே கதவுகள் திறந்தன. கை நிறையச் சாக்லேட்டோடு குடும்பம் குடும்பமாக வந்து நின்று, "யாரு இது? ஆடா? துடைப்பமா?" என்று போட்டி போட்டுக்கொண்டு கேட்டார்கள். ஒவ்வொரு வாசலிலும் பிரிட்டாவின் குரல் ஏறிக்கொண்டே போனது. கடைசியில் அவள் "டிராகன்!" என்று கத்திய கத்தலில் எதிர்வீட்டு நாய் குரைத்தது.

வெண்டலின் நடையே மாறிவிட்டது. "பாத்தியா? வேற ஒரு பிள்ளையையும் தெருவுல காணோம். நம்ம டிராகனோட போட்டி போட முடியாதுன்னு எல்லாரும் வீட்டுக்குள்ளயே உக்காந்துட்டாங்க!"

தெருக்கோடி வீட்டில் கதவைத் திறந்தவள் ஆனிக்கா. பிரிட்டாவின் வகுப்பில் முன்வரிசைக்காரி. வேஷம் ஒன்றும் இல்லை. வீட்டு உடையில் நின்று பிரிட்டாவைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

"ஐயோ, சூப்பரா இருக்கு! நாளைக்கும் இதையே போட்டுட்டு எங்ககூட வர்றியா? சாப்பாட்டுக்கும் என் பக்கத்துல உக்காரு."

"வர்றேன்!" என்றாள் பிரிட்டா, அப்பாவைக் கேட்காமலே.

வெண்டலுக்கு நெஞ்சு நிறைந்தது. ஜெயித்துவிட்டோம் என்று வாய்விட்டே சொன்னான். பிறகு, "நாளைக்கு எங்கேம்மா போறீங்க?" என்று சிரித்தபடி கேட்டான்.

உள்ளேயிருந்து அவள் அம்மா "ஷ்ஷ்!" என்று தடுப்பதற்குள் ஆனிக்கா மூச்சுவிடாமல் சொல்லிவிட்டாள்:

"நாளைக்குத்தானே ஹாலோவீன்! உங்க பழைய ஊர்ல முந்தின நாளே கிளம்பிடுவீங்களாம், புதுசா வந்த பிள்ளை ஏமாந்துடக் கூடாது, யாரும் மூச்சு விடாதீங்கன்னு மிஸஸ் ஹெக்லண்ட் வீடு வீடா போன் பண்ணிச் சொல்லிட்டாங்க!"